ஜில்லென்று இருந்தால் போதுமா? கடை, ஆபீஸ் காற்றை நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

தொழிலுக்கு நான் ஏசி மெக்கானிக்காக வந்தவன். இப்போது கிண்டி, தி.நகர், ஓஎம்ஆர் பக்கம் வணிகக் கட்டடங்களின் ஏசி பராமரிப்பை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் முகத்தில் ஜில்லென்று அடித்தால் "இங்கே ஏசி சூப்பர்" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். ஆனால் குளிர்ந்த காற்று வேறு, நல்ல காற்று வேறு. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைத் துளிகூட உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அதே அறைக்குள் விடுகிறது. வெளியே சுற்றுகிற அவுட்டோர் யூனிட் வெப்பத்தைத் தள்ளுவதற்கு மட்டும்தான். கதவைச் சாத்திவிட்டால், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

பொருள் வாங்க வருகிறவர் கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விடுவார். பில் போடுகிற பெண், சேலை விரித்துக் காட்டுகிற தம்பி, பேஸ்மென்ட்டில் டோக்கன் கிழிக்கிற செக்யூரிட்டி எல்லாம் காலையில் வந்தால் ராத்திரி வரைக்கும் அங்கேதான். அவர்களையும், அவர்கள் நலனில் அக்கறை உள்ள முதலாளிகளையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள்

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தலை பாரமாக இருக்கிறதா? கண் எரிச்சல், தொண்டை வறட்சி, தூங்கி வழிவது, காரணமில்லாத இருமல் ஏதாவது உண்டா? வாரவிடுமுறையில் அது காணாமல் போய், வேலைக்கு வந்த அன்றே திரும்பி வருகிறதா? ஒருவருக்கு மட்டும் என்றால் வேறு காரணம் இருக்கலாம். அதே தளத்தில் நாலைந்து பேருக்கு என்றால் கட்டடத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், எந்த மாடி, எந்த இடம், என்ன தொந்தரவு என்று இரண்டு வாரம் எழுதி வையுங்கள். "சார், இங்கே காற்றே சரியில்லை" என்று சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். "மூணாவது மாடி, கேஷ் கவுன்டர் பக்கம், சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல" என்று சொன்னால் என்னைப் போன்றவனுக்கு எங்கே டார்ச் அடிக்க வேண்டும் என்று தெரியும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இதை எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். டாக்டரிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

மீட்டர் வாங்கினால் எதை வாங்குவது

காற்றோட்டம் போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, கரியமிலவாயு மீட்டர். நாம் விடுகிற மூச்சில் சுமார் 4 சதவீதம் அதுதான். வெளியே திறந்த வெளியில் இப்போது ஏறக்குறைய 420 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு இருக்கிறது. உள்ளே எண் ஏற ஏற, மூச்சுக்காற்று வெளியேறாமல் தேங்குகிறது என்று பொருள். 1,000-க்குள் இருந்தால் பரவாயில்லை. 1,500 தாண்டினால் ஏதாவது செய்தே ஆக வேண்டும். அந்த அளவில் இந்த வாயுவே விஷம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் அது தேங்குகிற இடத்தில் சளி, காய்ச்சல் கிருமிகள், காசநோய்க் கிருமி, பெயின்ட் வாடை, புதுத்துணி வாடை எல்லாமும் சேர்ந்தே தேங்கும்.

வாங்கும்போது பெட்டியில் என்டிஐஆர் சென்சார் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவான சிலவற்றில் உண்மையான கரியமிலவாயு சென்சாரே இருக்காது. வேறு வாயுக்களைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டும். கண்டுபிடிப்பது சுலபம். சானிடைசரைக் கொஞ்சம் கையில் தேய்த்து மீட்டர் அருகே கொண்டுபோங்கள். எண் சரசரவென்று ஏறினால் அந்த மீட்டரை நம்ப வேண்டாம். நல்ல மீட்டரை மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் வைத்தால் 420-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஆட்கள் மூச்சு விடுகிற உயரத்தில், ஆனால் யார் மூக்குக்கும் நேராக இல்லாமல். ஏசி காற்று நேராக அடிக்கிற இடம் வேண்டாம், வாசல் பக்கமும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலையில் கடை காலியாக இருக்கும்போது பார்த்துவிட்டு "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று முடிவுக்கு வராதீர்கள். கூட்ட நேரத்தில் பாருங்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர், அதாவது 28,000 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் சுமார் 18 லிட்டர் கரியமிலவாயுவை விடுகிறார். நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் மீட்டிங் போட்டால் 72 லிட்டர். காற்று எங்கும் கசியாவிட்டால் மீட்டர் 2,500-க்கு மேல் கூடி, 3,000 பக்கம் போய்விடும். கண்ணாடிக் கேபினில் எல்லோரும் கொட்டாவி விடுவதற்கு மீட்டிங் மட்டும் காரணம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கொடுத்த வழிகாட்டலில், ஆஸ்பத்திரி அல்லாத பொது இடங்களுக்கு ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று சொல்லியிருக்கிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 36 கன மீட்டர். பத்து பேர் இருக்கிற இடத்துக்கு 360. எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது பெட்டியில் சிஎம்எச் என்று போட்டிருக்கும் எண் இதுதான். பைப், வலை எல்லாம் மாட்டினால் அந்த எண் குறையும். அதனால் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள்.

ஸ்பிளிட் ஏசி மாட்டிய கடைக்கு

எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வெளியே போகிற காற்றுக்குச் சமமாக உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. அதைவிட மோசம், அது டாய்லெட் பக்கத்திலிருந்தோ பேஸ்மென்ட் படிக்கட்டிலிருந்தோ காற்றை இழுத்துக் கடைக்குள் கொண்டுவந்துவிடும். ஒரு டிஷ்யூ பேப்பரைக் கதவு இடுக்கில் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது. டாய்லெட் கதவில் பிடித்தால் பேப்பர் டாய்லெட்டுக்குள் இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளினால் அங்கே இருக்கிற ஃபேன் வேலை செய்யவில்லை. அங்கே அந்துருண்டையைக் கொட்டி வைத்து வாடையை மறைப்பது சரியான வழி இல்லை. அந்த வாடையும் மூச்சில் போகிற ரசாயனம்தான்.

காற்று வருகிற வழியை எங்கே வைக்கிறீர்கள் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். உஸ்மான் ரோடு மாதிரி இடத்தில் தரைத்தளத்தில் ரோட்டைப் பார்த்து வைத்தால் பஸ் புகையைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி. முடிந்தவரை உயரத்தில், ரோட்டுக்குப் பின்பக்கம், ஜெனரேட்டர் குழாய், சமையலறைப் புகைபோக்கி, டாய்லெட் எக்ஸாஸ்ட் மூன்றுக்கும் தள்ளி இருக்க வேண்டும். வாய்ப்பகுதியில் ஃபில்டர் போடுங்கள். மெர்வ் என்பது ஃபில்டரின் தர எண். அது 13 இருந்தால் பிஎம் 2.5 எனப்படும் நுண்தூசியில் பெரும்பகுதி நிற்கும். ஏசியோடு வருகிற பிளாஸ்டிக் வலை பஞ்சையும் முடியையும் பிடிக்குமே தவிர நுண்தூசியை நிறுத்தாது. ஆனாலும் அதைக் கழுவாமல் விட்டால் குளிர்ச்சியும் போகும், கரன்ட் பில்லும் ஏறும். ஜவுளிக்கடையில் பஞ்சு அதிகம். அங்கே வாரம் ஒருமுறை கழுவச் சொல்வேன்.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஹெப்பா ஃபில்டர் உள்ளது என்றால் தூசிக்கும் கிருமிக்கும் நல்லது. கரியமிலவாயுவை அது தொடக்கூட முடியாது. ஓசோன் விடுகிற மெஷினை யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆள் இருக்கிற இடத்தில் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்.

சாம்பிராணி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. தூசி மீட்டரைக் கவுன்டரில் வைத்துவிட்டு ஏசியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் சாம்பிராணிக்காரர் தட்டுத் தூபத்தோடு உள்ளே வந்து, ஒவ்வொரு ரேக்குக்கும் மயிலிறகால் விசிறிவிட்டுப் போனார். இரண்டு இலக்கத்தில் இருந்த எண் மூன்று இலக்கத்துக்குத் தாவியது. அவர் அடுத்த தெருவுக்கே போயிருப்பார், எண் இறங்கவில்லை. கதவு சாத்திய கடை, ஸ்பிளிட் ஏசி. புகை எங்கே போகும்? நைட்டி செக்‌ஷனில் நின்ற பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தினமும் இப்படித்தாண்ணே" என்றார். அவருக்கு வீசிங் உண்டு.

முதலாளியிடம் மீட்டரைக் காட்டினேன். "சாமி காரியத்தை நிறுத்தச் சொல்றியாப்பா?" என்று கேட்டார்.

"நிறுத்த வேண்டாம் அண்ணாச்சி. காலையில ஷட்டர் தூக்கினதும், ஏசி போடுறதுக்கு முன்னாடி, ஃபேனைப் போட்டுட்டு காட்டச் சொல்லுங்க. சாயந்திரம் வாசப்படியிலேயே காட்டிட்டுப் போகட்டும்."

அவர் ஒத்துக்கொண்டார். அதே மாதிரி ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்தி எதுவானாலும் கதவு திறந்திருக்கும்போது கொளுத்துங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும் என்றால், பிஎம் 2.5-க்கு உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டு அளவு 60. இரண்டுமே வெளிக்காற்றுக்கு விதித்தவை அல்லது எல்லாக் காற்றுக்கும் பொதுவானவை என்றாலும், உள்ளே பார்க்கவும் அவைதான் கைக்கு எட்டுகிற அளவுகோல்.

ஈரமும் பூஞ்சையும்

சென்னையில் வெயிலுக்குப் பயப்படுகிற அளவுக்கு ஈரப்பதத்துக்கும் பயப்பட வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஈரப்பத மானி ஒன்றை மாட்டுங்கள். 40 முதல் 60 சதவீதம் வரை சரி. தொடர்ந்து 65, 70 என்று நின்றால் பூஞ்சை வரும். தேவைக்கு மேல் பெரிய டன் ஏசி போட்ட இடத்தில் இதைப் பார்க்கலாம்: சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது. உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, ஆனால் குளிர்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மூன்று இடம் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் பலகையில் டீக்கறை மாதிரி வட்டம் இருந்தால் மேலே எங்கோ சொட்டுகிறது. ஏசிக் காற்று வருகிற கிரில்லைச் சுற்றிக் கருப்புக் கோடு இருந்தால் தூசியோ பூஞ்சையோ. மூன்றாவது, இன்டோர் யூனிட்டின் கீழே இருக்கிற டிரெயின் தட்டு. அங்கே தண்ணீர் வழிந்தோடாமல் தேங்கினால் கொழகொழவென்று பாசி பிடிக்கும். ஏசி போட்டதும் ஈரச் சாக்ஸ் நாற்றம் வருவது இதனால்தான். ரூம் ஸ்பிரே அடித்து மறைக்காதீர்கள். தட்டைக் கழுவி, பைப்பின் சரிவைச் சரி செய்ய வேண்டும். காயிலை ஆசிட் கலந்த கெமிக்கலில் கழுவுவதாக இருந்தால் கடை மூடிய பிறகு செய்யச் சொல்லுங்கள். வாடிக்கையாளரும் ஊழியர்களும் இருக்கும்போது ஸ்பிரே அடிக்கிற மெக்கானிக்கை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வெள்ளம் வந்தால் கணக்கே வேறு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளங்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஜிப்சம் பலகை, கார்ப்பெட், பார்ட்டிகல் போர்டு ரேக் எதுவும் திரும்பப் பழையபடி ஆகாது, கழற்றிப் போட்டுவிடுங்கள். சுவரைக் காயவிடாமல் மேலே பெயின்ட் அடித்து அவசரமாகத் திறந்த கடைகளில், கொஞ்ச நாளில் பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு பூஞ்சை வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவுட்டோர் யூனிட் சந்தில் புறா எச்சம் குவிந்திருந்தால் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரல் அலர்ஜியையும் பூஞ்சைத் தொற்றையும் கொண்டுவரும்.

பேஸ்மென்ட்டும் ஜெனரேட்டரும்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே உயிர் போகும். பெட்ரோல், டீசல், கேஸ், கரி எது அரைகுறையாக எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் மயக்கம். அறிகுறி தெரிந்தவுடன் ஆளைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எக்ஸாஸ்ட் ஃபேன்கள் ஓடுகின்றனவா என்று காதால் கேட்டுப் பாருங்கள். கரன்ட் மிச்சம் என்று நிறுத்தி வைக்கிற கட்டடங்கள் உண்டு. ஓர் இடத்தில் செக்யூரிட்டி நாற்காலியை ரேம்ப் முடிகிற மூலையில், இன்ஜின் அணைக்காமல் கார்கள் வரிசையில் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். தினமும் சாயந்திரம் தலை சுற்றுகிறது, பிரஷர் என்று நினைத்து மாத்திரை போடுகிறேன் என்றார். நாற்காலியை மேலே வாசல் பக்கம் மாற்றச் சொல்லி, கார்பன் மோனாக்சைடு சென்சாரோடு ஃபேன் தானாக ஓடும்படி இணைத்துக் கொடுத்தோம். 8 மணி நேரச் சராசரி 9 பிபிஎம் தாண்டக் கூடாது என்பது பரவலாக வைத்திருக்கிற அளவு.

ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உயரம் சொல்லியிருக்கிறது: கட்டட உயரத்துக்கு மேல், ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர். 100 கேவிஏ என்றால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர். உங்கள் கட்டடத்தில் குழாய் முதல் மாடி ஜன்னல் உயரத்திலேயே முடிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைக் கடைக்குள்ளோ, நடைபாதையிலோ, படிக்கட்டுக்குக் கீழேயோ ஒருநாளும் ஓட்டக் கூடாது.

சென்ட்ரல் ஏசி கட்டடத்தில் கேட்க வேண்டியவை

ஓஎம்ஆர் ஆபீஸ்களிலும் மால்களிலும் ஏஎச்யூ என்கிற பெரிய யூனிட் இருக்கும். அதில் வெளிக்காற்று வருவதற்கு, திறந்து மூடுகிற தகடு மாதிரி ஒரு டேம்பர் உண்டு. நம் ஊர் வெளிக்காற்று சூடு, ஈரம் இரண்டும் நிறைந்தது. அதைக் குளிரவைக்க நிறையக் கரன்ட் ஆகும். அதனால் டேம்பரை மூடிவிடுகிறார்கள். கேட்டால் "ஃபிரெஷ் ஏர் இருக்கு சார்" என்பார்கள். டேம்பர் கைப்பிடி எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஃபில்டர் எந்தத் தரம், கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். மூடாமலும் கரன்ட்டை மிச்சப்படுத்த வழி இருக்கிறது: கரியமிலவாயு சென்சாரை வைத்து ஆள் எண்ணிக்கைக்குத் தக்கபடி டேம்பரைத் திறக்க வைக்கலாம், வெளியேறுகிற குளிர்காற்றைக் கொண்டே உள்ளே வருகிற காற்றைக் குளிரவைக்கிற ஈஆர்வி போடலாம்.

மொட்டைமாடியில் கூலிங் டவர், அதாவது ஏசியின் சூட்டைத் தண்ணீர் மூலம் வெளியே தள்ளுகிற கோபுரம் இருந்தால் தண்ணீர் சுத்திகரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். 1976-ல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்கள் கூட்டமாக நிமோனியாவில் விழுந்தார்கள். அதற்குக் காரணம் தேடியபோதுதான் லீஜியனெல்லா பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. வெதுவெதுப்பான தேங்கு நீரில் வளர்ந்து, நீர்த்துளிகளோடு காற்றில் பரவும். சென்னைத் தட்பவெப்பம் அதற்குத் தோதானது.

பியூட்டி பார்லரில் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்யும்போது ஃபார்மல்டிஹைடு என்கிற வாயு வெளிவரலாம். அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. அந்த நாற்காலிக்கு மேலேயே எக்ஸாஸ்ட் வேண்டும். புது பிளைவுட், எம்டிஎஃப் இன்டீரியர் போட்ட கடையையும் திறப்பதற்கு முன் சில வாரம் ஜன்னலைத் திறந்து வாடை போகவிடுங்கள். சின்ன கிளினிக் நடத்துகிற டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இருமுகிறவர்கள் காத்திருக்கிற அறையில் ஏசியை நிறுத்தி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஃபேன் போடுங்கள். வியர்க்கும்தான். காசநோய் இருக்கிற நாட்டில் அது குறைந்த விலை.

வெளிக்காற்றை மூட வேண்டிய நாட்களும் உண்டு. போகி அன்று அதிகாலை, பக்கத்தில் குப்பை எரியும்போது, மெட்ரோ வேலையில் ரோட்டை உடைக்கும்போது. ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, பெருங்குடி போன்ற இடங்களில் அரசு மாசு அளவீட்டு நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் உங்களுக்குப் பக்கத்து நிலையத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். புகை அடங்கியதும் திறக்க மறந்துவிடாதீர்கள்.

முதலாளியிடம் பேசுவது

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சுத்தத்தையும் காற்றோட்டத்தையும் முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் திருத்தம் வந்ததும் இதே சட்டத்தில்தான். அதைச் சண்டைக்கு எடுக்காமல், முதலில் நோட்டையும் மீட்டர் போட்டோவையும் காட்டுங்கள். கூடவே செலவு குறைந்த வேலையை முதலில் கேளுங்கள்: ஃபில்டர் கழுவுவது, டிரெயின் தட்டு, டேம்பர், நாற்காலியை இடம் மாற்றுவது. இவற்றுக்கு ஒருநாள் கூலி போதும். எக்ஸாஸ்ட்டும் வெளிக்காற்று வழியும் அடுத்தது. அதற்குச் சுவரில் மெஷினால் ஓட்டை போட (கோர் கட்டிங்) வேண்டும், தூசி பறக்கும், துணியெல்லாம் மூட வேண்டும். அதனால் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு முன்னால், ஆனி மாதத்திலேயே முடித்துவிடுங்கள். மாட்டியபின் முதல் ஆடி ஞாயிறு சாயந்திரம் அதே மூன்றாவது மாடி கவுன்டரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 1,000-ஐத் தாண்டினால் ஃபேன் சிறிது. இன்னொன்று போட வேண்டும்.